கலியும் ஒலியும்

தமிழில் 'கலி' என்னும் சொல் இரு வழியாக வந்து சேர்ந்தது. ஒன்று தமிழ்வழி. கலி என்றால் ஒலி, ஆரவாரம், செருக்கு, மகிழ்ச்சி; கலித்தல் என்றால் ஒலித்தலும் தழைத்து எழுதலும் ஆகும். கிளர்ந்து செல்லும் குதிரையைக் கலிமா என்றனர் பண்டையோர். துள்ளல் ஓசை பெற்ற பாவினைக் கலிப்பா என்றனர். மற்றொன்று வடமொழிவழி. நான்கு யுகங்களுள் கடையாயதன் பெயர் அது. அவ்யுகத்தை ஆளும் கொடியவன் பெயரும் அதுவே. சூதாட்டத்தில் தோல்வியைத் தரும் வீழ்ச்சிக்கும் அப்பெயர் உண்டு. நளவெண்பாவில் நாம் காணும் கலி இவ்விரண்டாவது கலி. பிறப்பால் வேறாகிய இவ்விரு சொற்களும் உருவால் ஒன்றாயின. இலக்கண மாணவர் இவற்றைப் பிரித்தறிதல் வேண்டும். ஆயினும் 1986 ஆம் ஆண்டில் நியூயார்க் நகரிலிருந்து வெளிவந்த ஓர் இசைத்தட்டைக் கேட்குங்கால் இவ்விரு கலியும் ஒன்றாகவே செவியில் வந்து விழுகின்றன.

அத்தட்டின் பெயர் 'தி ஏஜ் ஆஃப் குவாரல்'. பாடியவர் 'குரோ-மாக்ஸ்' என்னும் குழுவினர். குவாரல் என்பது பூசல். பெயரைப் பார்த்த அளவில் தெருச்சண்டைப் பாட்டுகளின் தொகுதி என்றே எவரும் எண்ணுவர். அஃது உண்மையில் ஒரு மொழிபெயர்ப்பு. பக்திவேதாந்த சுவாமி பிரபுபாதர் தம் ஆங்கில நூல்களில் கலியுகம் என்னும் தொடரைப் பூசலும் பாசாங்கும் மலிந்த காலம் என்று பொருள்பட விளக்கி வந்தார். அவ்விளக்கத்தின் முற்பாதியே தட்டின் பெயராயிற்று. 'கலியுகம்' என்று தமிழில் அச்சிட்டிருந்தால் கோயில் வாசலில் விற்கும் பக்திப்பாடல் தட்டென்று நம்மவர் வாங்கியிருப்பர். வீட்டில் ஒலிக்கவிட்ட மறுகணமே அண்டை வீட்டார் வந்து கதவைத் தட்டியிருப்பர். அதன் மேலுறையில் இருப்பது தெய்வ உருவமன்று. அணுகுண்டு வெடித்து எழுந்த காளான் வடிவப் புகை.

இடையே ஒன்று. ஆங்கிலம் வழியாக இச்செய்திகளைப் படிக்கும் நம் இளைஞர் கலியையும் காளியையும் ஒன்றெனக் கொள்வதைப் பலகாலும் காண்கிறோம். உரோமன் எழுத்தில் இரண்டும் ஒரே வடிவம் பெறுவதே காரணம். ஜொகூர் பாருவின் கண்ணாடிக் கோயிலில் எழுந்தருளியிருக்கும் இராஜகாளியம்மன் கலியன்று என்பதை நெடில் குறில் அறிந்த தொடக்கப்பள்ளிச் சிறுவனும் சொல்வான். தமிழ் எழுத்து இவ்வகையில் செய்யும் உதவி சிறிதன்று.

இத்தகைய இசையைத் தமிழாசிரியர் படிக்கும் பக்கத்தில் ஆராய்வது முறையோ என வினவுவார் உளர். அவர்க்கு நாம் கூறுவது இது. ஜொகூருக்கு இவ்வகை இசை அயலானதன்று. மலாய் ராக் இசையின் புகழ்பெற்ற குழுவாகிய 'சர்ச்' 1981 ஆம் ஆண்டில் ஜொகூர் பாருவில் தோன்றியது. 1992 இல் நீண்ட முடி வைத்த பாடகர்க்கு அரசின் வானொலி தொலைக்காட்சியில் இடமில்லை என்று கூறப்பட்டதும், புகழ்மிக்க பாடகர் பலரறிய முடி வெட்டிக்கொண்டதும் நம்மவர் பலர்க்கு நினைவிருக்கும். 2001 இல் கெடா மாநிலப் பள்ளிகளில் 'பிளாக் மெட்டல்' பரவிற்று என்ற பேச்சு நாடெங்கும் பெற்றோரை அச்சுறுத்தியது. அப்பொழுதெல்லாம் நம்மவர் இவ்விசைக்கு வழங்கிய தீர்ப்பு 'இரைச்சல்' என்னும் ஒரே சொல்லாக இருந்தது. அச்சொல் பொய்யென்று நாம் வாதிடவில்லை. இரைச்சலிலும் யாப்பு உண்டா, பொருள் உண்டா என்று பாராமல் தீர்ப்பளிப்பது திறனாய்வு ஆகாது என்பதே நம் கருத்து. பதினைந்து வயது மாணவன் காதில் கருவியைச் செருகிக்கொண்டு எதைக் கேட்கிறான் என்பதை அவனுக்குத் தமிழ் சொல்லித்தரும் ஆசிரியர் ஒருமுறையேனும் கேட்டுப் பார்த்தல் நன்று.

குரோ-மாக்ஸ் பிறந்த இடத்தை முதலில் நோக்குவோம். பிரபுபாதர் 1965 ஆம் ஆண்டில் 'ஜலதூதா' என்னும் சரக்குக் கப்பலில் அமெரிக்கா சென்றார். மறு ஆண்டு நியூயார்க் நகரின் கீழ்க்கிழக்குப் பகுதியில், இரண்டாம் நிழற்சாலை 26 ஆம் எண் கடையில் தம் இயக்கத்தைத் தொடங்கினார். அருகிலுள்ள டாம்ப்கின்ஸ் சதுக்கப் பூங்காவில் ஓர் எல்ம் மரத்தடியில் நாமசங்கீர்த்தனம் நடைபெற்றது. பதினைந்து ஆண்டு கழிந்தபோது அதே தெருக்கள் எரிந்த கட்டடங்களும் போதைப்பொருள் வணிகமும் நிறைந்து கிடந்தன. ஆளில்லாக் கட்டடங்களில் புகுந்து குடியிருந்த பிள்ளைகளே இக்குழுவை அமைத்தவர். பாடகர் ஜான் ஜோசப் வளர்ப்பு இல்லங்களில் துன்புற்று வளர்ந்தவர். கீழ்க்குரல் கிதார் வாசித்த ஹார்லி ஃபிளானகன் சிறுவனாயிருந்தபோதே ஒரு குழுவில் முரசறைந்தவர்; அதற்கும் முன்பே, 1976 இல், அவர் எழுதிய கதைகளும் படங்களும் அடங்கிய சிறுநூல் ஒன்று கவிஞர் ஆலன் கின்ஸ்பர்க்கின் முன்னுரையோடு வெளிவந்தது. கிதார் வாசித்தவர் பாரிஸ் மேயு, டக் ஹாலண்ட். முரசறைந்தவர் மேக்கி ஜேசன். ஆதிமனிதராகிய குரோ-மாஞன் இனத்தார் பெயரைச் சுருக்கித் தமக்குச் சூட்டிக்கொண்டனர். தெருவில் உடல் வலிமையே வாழ்வு. கோயிலில் கிருஷ்ண பக்தியே வாழ்வு. இவ்விரண்டையும் ஒருங்கே பற்றிய இளைஞரின் பாட்டு எப்படி இருக்குமோ அப்படியே இருக்கிறது இத்தட்டு.

இனி இசையின் இனம். 'பங்க்' என்பது 1970களின் நடுவில் எழுந்த எளிய, சினம் மிக்க பாட்டு. கற்றுத் தேர்ந்த வித்தையைப் பழிப்பது அதன் கொள்கை. 1980 ஐ ஒட்டி அமெரிக்க இளைஞர் அதனை மேலும் சுருக்கி, மேலும் விரைவாக்கி 'ஹார்ட்கோர்' என்றனர். 'மெட்டல்' என்பதோ இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் 'பிளாக் சாபத்' குழுவோடு 1970 இல் உருப்பெற்றது. அக்குழுவின் கிதார்க் கலைஞர் டோனி அயோமி தொழிற்சாலை எந்திரத்தில் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர் என்பதை அறிந்தால் அவ்விசையின் கனம் எங்கிருந்து வந்தது என்பது ஓரளவு விளங்கும். மெட்டல் நீண்டது, கனத்தது, விரல் வித்தையில் பெருமை கொள்வது. ஒரு கூட்டம் முடியை மழித்தது. மற்றொரு கூட்டம் முடியை வளர்த்தது. ஒருவர் நிகழ்ச்சிக்கு மற்றவர் சென்றால் அடிதடி உண்டாயிற்று. 1982 இல் இங்கிலாந்தின் 'டிஸ்சார்ஜ்' குழு தன் தட்டில் இரண்டையும் நெருங்கச் செய்தது. 1987 இல் 'டி.ஆர்.ஐ.' என்னும் அமெரிக்கக் குழு 'கிராஸோவர்' என்ற பெயரிலேயே ஒரு தட்டை வெளியிட, கலப்புக்கே அது பெயராய் நிலைத்தது. அவ்விரண்டிற்கும் இடையே, இக்கலப்பு உருத்திரண்ட காலத்தில் வந்தது குரோ-மாக்ஸின் தட்டு. பின்வந்த நியூயார்க் குழுக்கள் பலவும் இதனை முதனூல்போல் கொண்டன. இன்றும் இவ்வகைக் குழுக்கள் இதன் கிதார்த் தொடர்களை அரிச்சுவடிபோல் பயில்கின்றன.

நிற்க. இதன் ஓசையைத் தமிழ் யாப்பு அறிந்தார்க்கு எவ்வாறு விளக்கலாம்? தொல்காப்பியர் செய்யுளியலில் வண்ணம் இருபது என்றார். அவற்றுள் வல்லிசை வண்ணம் வல்லெழுத்து மிகுவது. உருட்டு வண்ணமும் முடுகு வண்ணமும் விரைந்து செல்வன. தூங்கல் வண்ணம் வஞ்சிக்குரிய நடை. ஈண்டுத் தூங்கல் என்பது உறக்கமன்று. தொங்கியும் அசைந்தும் இயங்குதல். யானையின் நடையை நினைத்துக்கொள்க. ஹார்ட்கோர் முழுவதும் முடுகு வண்ணம் என்றால் மெட்டலின் கனத்த பகுதி தூங்கல் வண்ணம். இத்தட்டின் தனிச்சிறப்பு முடுகிலிருந்து தூங்கலுக்குத் திடீரென இறங்குவதில் உள்ளது. விரைந்தோடிய முரசு பாதியாக மெதுவாகும். கிதார் நரம்பை உள்ளங்கையால் அழுத்தி அடிப்பதால் ஒலி நீளாமல் வெட்டுப்பட்டு விழும். கேட்போர் கூட்டம் அவ்விடத்தில்தான் ஒருவரை ஒருவர் மோதி ஆடத் தொடங்கும். இவ்விறக்கத்தை 'பிரேக்டவுன்' என்பர் அவ்விசையார்.

முதற்பாட்டாகிய 'வீ காட்டா நோ' என்பதை எடுத்துக்கொள்வோம். பாடகன் உடனே வாய் திறப்பதில்லை. கருவிகள் மட்டும் நெடுநேரம் படிப்படியாக ஏறுகின்றன. ஒரு தொடர் நிலைபெற்றதும் அதன்மேல் மற்றொன்று வருகிறது. முரசு இடையிடையே அறைகூவி நிற்கிறது. அதன்பின் ஒரே பாய்ச்சலாய்ப் பாட்டு ஓடுகிறது. கலிப்பாவின் உறுப்புகளைக் கற்பிக்கும் ஆசிரியர்க்குத் தரவு முன்நின்று, பின் அராகம் முடுகி வருவது நினைவுக்கு வரும். அராகத்தை முடுகியல் என்றும் கூறுவர் என்பது ஈண்டுப் பொருத்தமுடையது. நியூயார்க் இளைஞர் செய்யுளியல் படித்தனர் என்று நாம் கூறவில்லை. நெடிது தாங்கி நின்றபின் விரைவு வந்தால் விரைவு இருமடங்காகத் தோன்றும் என்பது எம்மொழிக் கலைஞனும் தன் செவியால் கண்டறிவது. நம் முன்னோர் அதற்குப் பெயர் வைத்தனர், அவ்வளவே.

பதினைந்து பாட்டுகள், எல்லாம் சேர்ந்து அரைமணி நேரத்திற்குச் சற்றே மிகும். இச்சுருக்கம் தட்டின் வலிமை. ஆயினும் நடுப்பகுதியில் பாட்டுக்கும் பாட்டுக்கும் வேறுபாடு குறைந்து போகிறது. தெருவின் கடுமையையும் தனித்து நிற்றலையும் சொல்லும் பாட்டுகள் தொடர்ந்து வர, ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்கியது தெரியவில்லை. ஒலிப்பதிவும் இக்குறையை மிகுவிக்கிறது. கிதார்கள் இரண்டும் சில இடங்களில் ஒரே புகையாய்ப் படிகின்றன. முரசறைந்தவர் மட்டும் எவ்விடத்தும் தாழவில்லை. விரைவின் உச்சியிலும் அவர் கணக்குத் தவறுவதில்லை. அடியின் விளிம்பில் ஒரு சிறு தளர்ச்சி விட்டு, அடுத்த அடியில் அதனை ஈடு செய்கிறார். மிருதங்கக்காரர் எவரேனும் கேட்டால் புன்னகை செய்வர்.

குரலைப் பற்றியும் சொல்லல் வேண்டும். ஜான் ஜோசப் பாடுவதில்லை, கூவுகிறார். ஆனால் சொல் தெளிவாகக் கேட்கிறது. தெருமுனையில் நின்று சண்டைக்கு அழைப்பவன் சொல் புரியாமற் போனால் அழைப்பு வீணன்றோ! மெட்டலின் பிற்காலக் கிளைகளில் தொண்டையின் அடியிலிருந்து உறுமும் முறை வந்தபோது சொல்லின் நிலை மாறியது. உறுமலில் உயிரெழுத்துகள் ஒன்றோடொன்று கலந்து தேய்கின்றன. மெய்யெழுத்துகள் மட்டும் கல்லாய் நிற்கின்றன. மெய் உயிரின்றி இயங்காது என்று நாம் கற்பிக்கிறோம். அவர்களோ மெய்யை மட்டும் வைத்துப் பாட்டுக் கட்டுகின்றனர். குரோ-மாக்ஸின் தட்டில் அந்நிலை இன்னும் வரவில்லை. சொல் இன்னும் ஆட்சி செய்கிறது.

அச்சொல் கூறுவது யாது? 'வேர்ல்ட் பீஸ்' என்று ஒரு பாட்டுக்குப் பெயர். உலக அமைதி கைகூடாது என்பது அதன் கருத்து. 'ஷோ யூ நோ மெர்சி' என்பது இரக்கம் காட்டேன் என்னும் வஞ்சினம். 'சீக்கர்ஸ் ஆஃப் தி ட்ரூத்' என்பதோ மெய்ப்பொருள் நாடுவோரைப் பற்றியது. இம்மூன்றும் ஒரே தட்டில், ஒரே குரலில் வருகின்றன. முரண்பாடு என்று தள்ளிவிடலாம். ஆங்கிலத் திறனாய்வாளர் பலரும் பக்தியை ஓர் அணிகலன்போலக் கருதி, தெருவின் சினமே இத்தட்டின் உண்மை என்பர். நாம் அதனை ஒப்பவில்லை. பக்தியை நீக்கினால் தலைப்பே இல்லை. சினத்திற்கு ஒரு சட்டகமும் இல்லை. 'என் தெரு கெட்டது' என்று கூறுபவன் புலம்புகிறான். 'இக்கேடு கி.மு. 3102 இல் தொடங்கியது, 4,32,000 ஆண்டு நீளும்' என்று எண்ணுபவனுக்கு அத்தெரு உலகத்தின் ஒரு பகுதியாகிறது. அவனுடைய தனித்துயர் பொதுத்துயராக விரிகிறது. புராணக் கணக்கு உண்மையா என்பது வேறு வினா. ஒரு கவிஞனுக்கு அது தரும் அகலத்தையே நாம் நோக்குகிறோம்.

பிரபுபாதர் போற்றிய பாகவதத்தின் பதினோராம் கந்தத்தில் ஓர் அதிகாரம் யுகங்களுக்குரிய வழிபாட்டைக் கூறுகிறது. கலியுகத்திற்கு உரியது நாமசங்கீர்த்தனம், அஃதாவது பலர் கூடி உரக்கப் பாடுதல், என்பது அதன் முடிவு. அதே அதிகாரம் கலியுகத்தில் திருமால் அடியார் திராவிட நாட்டில் மிகுதியாகத் தோன்றுவர் என்றும் சொல்லித் தாமிரபரணியையும் கிருதமாலையையும் காவிரியையும் பெயர் சுட்டுகிறது. கிருதமாலை வைகை என்பர். நம் நம்மாழ்வாரும் திருவாய்மொழி ஐந்தாம் பத்தின் இரண்டாம் திருமொழியில் அடியார் கூட்டம் மண்மேல் ஆடிப் பாடித் திரிதலைக் கண்டு, கலி கெடும் என்று களிக்கிறார். ஆரவாரத்தால் கலி நீங்கும் என்னும் இக்கொள்கையில் நாம் தொடக்கத்தில் பிரித்த இரண்டு கலியும் எதிர்நிற்கக் காண்கிறோம்: தமிழ்க் கலி எழுந்து வடமொழிக் கலியை விரட்டுகிறது. குரோ-மாக்ஸ் தட்டு ஆரவாரத்தைப் பெற்றது. விரட்டுதலைப் பெற்றதா என்பதே நம் ஐயம்.

நளவெண்பாவை ஒப்பிட்டுக் காண்போம். புகழேந்தி நூலை மூன்று காண்டமாக வகுத்தார்: சுயம்வர காண்டம், கலிதொடர் காண்டம், கலிநீங்கு காண்டம். கால் கழுவும்போது சிறிதளவு நனையாமல் விட்ட குற்றத்தின் வழியே கலி நளன் உடலுட் புகுந்தான். அவன் நீங்கியதோ இருதுபன்னனிடம் நளன் கணக்கின் நுட்பம் பெற்ற இடத்தில். தான்றி மரத்தின் காய்களை ஒரு பார்வையில் எண்ணிச் சொல்லும் அக்கலையைக் கற்றவுடன் கலி வெளியேறுகிறான். பண்டைச் சூதாட்டத்தில் தான்றிக்காயே கவறாக உருட்டப்பட்டது என்பதை அறிந்தால் இதன் நயம் மிகும். எதனால் விழுந்தானோ அதன் கணக்கை அறிந்து எழுகிறான் நளன்.

குரோ-மாக்ஸ் தட்டில் கலிதொடர் காண்டம் மட்டுமே உளது. கலி எப்படிப் புகுந்தான், எங்கெங்கு இருக்கிறான், அவன் முகம் எத்தகையது என்பன யாவும் கண்முன் நிற்கின்றன. நீங்கும் வழியைக் கூற முயலும் இடங்களில் பாட்டு அறிவுரையாய் மெலிகிறது. 'சீக்கர்ஸ் ஆஃப் தி ட்ரூத்' மட்டும் இதற்கு விலக்கு. மற்றவற்றினும் நீண்டு, மெதுவாய், கனத்த கிதார்த் தொடர்மேல் ஏறிச்செல்லும் இப்பாட்டில் தேடுபவனின் தளர்ச்சியே கேட்கிறது. விடை கிடைத்தவனின் பெருமிதம் இல்லை. ஆதலின் அது நம்பத்தக்கதாய் இருக்கிறது. தட்டின் உச்சி முதற்பாட்டு என்பர் பெரும்பான்மையோர். நம் தீர்ப்பு இதற்கே.

குழுவின் பிற்கால வரலாறு தட்டின் தலைப்புக்கு உரை எழுதியதுபோல் அமைந்தது. ஜான் ஜோசப் விலகினார். 1989 இல் ஃபிளானகனே பாடி 'பெஸ்ட் விஷஸ்' என்னும் தட்டு வந்தது. மெட்டலின் பங்கு அதில் மிகுந்தது. அதன் மேலுறையில் நரசிங்கம் இரணியனைப் பிளக்கும் காட்சி! கம்பனின் இரணியன் வதைப் படலத்தைப் பாடம் சொல்லும் ஆசிரியர் எவரும் அதனைக் கண்டால் வியப்பர். மேலுறை சிறந்தது, உள்ளே பாட்டு முதல் தட்டின் கூர்மையை எட்டவில்லை. பின்னர்க் குழுவின் பெயர் யாருக்கு உரியது என்று நண்பர் இருவரும் நெடுங்காலம் பூசலிட்டனர். வழக்கு 2019 இல் தீர்ந்தது. பெயர் ஃபிளானகனுக்குச் சென்றது.

இனி நீரிணையின் அக்கரைக்கு வருவோம். ஜொகூர் பாருவிலிருந்து பாலத்தைக் கடந்தால் சிங்கப்பூர். அங்கே 1992 இல் 'ருத்ரா' என்னும் குழு தோன்றியது. அதன் பாடகரும் தலைவரும் தமிழராகிய கதிரசன். 1998 இல் குழுவின் பெயரையே தாங்கிய முதல் தட்டும், 2001 இல் 'தி ஆரியன் குருசேட்', 2003 இல் 'குருக்ஷேத்ரா' ஆகியவையும், 2005, 2009, 2011 ஆண்டுகளில் 'பிரம்மவித்யா' என்னும் முத்தொகுதியும் வெளிவந்தன. தம் இசையை 'வேத மெட்டல்' என்றனர். சிங்கப்பூர் இசையறிஞர் யூஜீன் தைரியநாதன் இவர்களைப் பற்றி ஆய்வுக்கட்டுரை எழுதியுள்ளார் என்பதிலிருந்து இவர்கள் வெறும் பொழுதுபோக்குக் குழுவினர் அல்லர் என்பது தெளிவாம்.

ருத்ராவின் இனம் 'டெத் மெட்டல்', ஹார்ட்கோர் அன்று. ஆயினும் குரோ-மாக்ஸோடு வைத்துப் பார்க்க இதைவிடத் தக்க குழு நமக்கு அண்மையில் இல்லை. நியூயார்க் இளைஞர் பக்திநெறியைக் கைக்கொண்டனர். சிங்கப்பூர்த் தமிழரோ அத்வைதத்தை. 2016 இல் வந்த தட்டுக்கு 'எனிமி ஆஃப் டுவாலிட்டி', அஃதாவது இருமையின் பகைவன், என்றே பெயர். முன்னவர் கலியின் நடுவே நின்று கூவினர். பின்னவர்க்கு உலகமே தோற்றம். தெரு என்று ஒன்று அவர் பாட்டில் அருகியே தோன்றும். தத்துவத் தெளிவில் ருத்ரா மேம்பட்டது. ஆழ்ந்த உறுமலில் உபநிடதக் கருத்தும் மந்திர ஓதலும் வரும்போது மயிர்க்கூச்செறிவதும் உண்மையே. உறுமலில் மெய்யெழுத்து நிற்கும் என்றோமே, வடமொழியின் கூட்டெழுத்துகளும் மூச்சொலிகளும் அதற்கு இசைந்து கொடுக்கின்றன. ஆனால் குரோ-மாக்ஸின் தட்டில் ஒரு மனிதன் இருக்கிறான். அவனுக்குப் பசியும் பயமும் உண்டு. ருத்ராவில் சில வேளை உரையாசிரியரே இருக்கிறார். 'தி ஆரியன் குருசேட்' என்ற பெயரை நாம் சிறிதும் விரும்பவில்லை. ஆரியம் என்பதற்கு மேன்மை என்று பொருள் உண்டெனக் கூறிப் பயனில்லை. தமிழ் வாசகர்க்கு அச்சொல் எழுப்பும் நினைவு வேறு. ஐரோப்பியர்க்கு எழுப்பும் நினைவு அதனினும் கொடிது. குருசேட் என்பதோ கிறித்தவரின் சிலுவைப்போர். சொல்லாராய்ச்சி இல்லாத தலைப்பு நல்ல தட்டையும் கெடுக்கும்.

நமக்குள்ள பெரிய குறை வேறு. ருத்ராவின் பாட்டுகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் வடமொழியிலும் அமைந்தவை. பாடுபவர் தமிழர், பாட்டின் உடல் தமிழன்று. இதனைக் குற்றமாகச் சாட்டுவது எளிது. கலைஞன் தன் பொருளுக்கேற்ற மொழியைத் தேர்வான். அவ்வுரிமை அவனுக்கு உண்டு. ஆயினும் இவ்வன்மையான இசைக்குத் தமிழ் ஏலாது, அது மெல்லிய மொழி என்ற எண்ணம் நம் இளைஞரிடம் இருக்குமாயின் அதனை மறுப்பது தமிழாசிரியர் கடன். கலிங்கத்துப்பரணியின் போர்க்களத்தைப் படித்தவர் அவ்வாறு சொல்லார். பிணமும் பேயும் கூழுமாக ஒரு களத்தைத் தாளத்தோடு செயங்கொண்டார் காட்டியதுபோல் எந்த மெட்டல் குழுவும் இன்னும் காட்டவில்லை. அருணகிரியார் திருப்புகழில் வல்லெழுத்தை அடுக்கி அசுரரோடு போர் நிகழ்த்தும் சந்தங்கள் பல. தைப்பூசத்தில் நம் உறுமி மேளக் குழுவினர் எழுப்பும் ஒலியையும் கேட்கிறோம். உறுமி என்னும் பெயரிலேயே உறுமல் இருக்கிறது. வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து எழுப்பும் அக்குரல் மெட்டல் பாடகன் தொண்டைக்கு மூத்த உறவினன். தோட்டப்புறத் திருவிழாக்களில் வளர்ந்த அவ்விசையையும் 'இரைச்சல்' என்றே நம் படித்தவருள் பலர் ஒதுக்கினர்.

பிற இசையில் இவ்வழி திறக்கப்பட்டுவிட்டது. மலேசியாவின் யோகி பி குழுவினர் 2006 இல் 'வல்லவன்' தட்டில் ராப் என்னும் விரைநடைப் பாட்டைத் தமிழில் நிறுத்திக் காட்டினர். எதுகையும் மோனையும் அங்கே தாமாகவே வந்து உதவின. மெட்டலும் ஹார்ட்கோரும் கலந்த நடைக்குத் தமிழில் எழுதுவோன் எதிர்கொள்ளும் இடர் வேறுவகையது. நம் சொற்கள் பெரும்பாலும் உயிரிலும் மெல்லின இடையினங்களிலும் முடிவன. ஆங்கிலத்தின் ஓரசைச் சொற்கள்போல வல்லொற்றில் வெட்டென முடியா. அடியின் இறுதியில் முரசு விழும் இடத்தில் சொல் நீண்டு இழுபடும். இதற்குத் தீர்வு அடியின் ஈற்றில் இல்லை, அடியின் நடுவில் உள்ளது: க், ச், ட், த், ப், ற் என்னும் ஒற்றுகள் இரட்டித்து வரும் சொற்களைத் தாளத்தின் மேல் வைத்தல் வேண்டும். அருணகிரியார் செய்தது அதுவே. குற்றியலுகரச் சொற்கள் இதற்கு மிகவும் ஏற்றவை. ஈற்று உகரம் அரை மாத்திரையாய்த் தேய, வல்லெழுத்து ஓங்கி நிற்கும். ஓர் உயர்நிலைப்பள்ளி மாணவன் இதனைச் செய்து பார்க்கலாம். குற்றியலுகரத்திற்கு இதைவிட நல்ல பயிற்சி பாடநூலில் இல்லை.

வகுப்பில் இத்தட்டிலிருந்து ஒன்றைக் கேட்பிக்க விரும்பும் ஆசிரியர் 'சீக்கர்ஸ் ஆஃப் தி ட்ரூத்' என்பதைத் தேர்க. ஒலியைச் சற்றே குறைத்துவைத்து, முடுகும் இடத்தையும் தூங்கும் இடத்தையும் மாணவர் கைத்தாளத்தால் காட்டுமாறு செய்க. அதன்பின் கலிநீங்கு காண்டத்தில் தான்றிக்காய் எண்ணும் பகுதியை எடுத்துப் படிக்கலாம்.